வண்டி நம்பர் உண்மை, அபராதம் பொய்

போக்குவரத்துப் போலீசார் அனுப்பியது போல வாட்ஸ்அப்பில் வரும் போலி அபராதச் செய்தியில் பல நேரம் ஒன்று மட்டும் உண்மையாக இருக்கும்: வண்டி நம்பர். சலான் எண், விதிமீறல், கட்டவேண்டிய தொகை எல்லாம் இட்டுக்கட்டியவை. நம்பர் சரியாக இருப்பதைக் கண்டதும் மற்றதையும் சரியென்று நம்பிவிடுபவர்கள் ஏராளம். மோசடிக்காரர்கள் பிழைப்பதே இந்த நம்பிக்கையில்தான்.

சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544இல், அவிநாசிக்கும் கோவைக்கும் நடுவே இருக்கும் கருமத்தம்பட்டி போன்ற ஊரில் இப்படியொரு செய்தி எளிதில் எடுபடும். சோமனூர் வட்டாரத் தறிக்குடோன்களுக்குப் பாவு நூல் கொண்டுபோய்க் காடாத்துணி ஏற்றிவரும் குட்டியானைகள், திருப்பூர் பனியன் கம்பெனிக்கு விடிகாலையில் கிளம்பும் டூவீலர்கள், கணியூர் சுங்கச்சாவடியைத் தினமும் கடக்கும் வேன்கள் என்று வண்டியை நம்பியே பிழைப்பு நடக்கிறது. கேரள எல்லையில் உள்ள வாளையாறைத் தாண்டிச் சரக்கு இறக்கப் போகிறவர்களும் உண்டு. கேரளத்தில் 726 கேமராக்களைக் கொண்ட கண்காணிப்புத் திட்டத்தின்படி 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2022 அக்டோபரில் அபராதத் தொகைகள் உயர்ந்தன. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினால் 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய். யாரும் கைகாட்டி நிறுத்தாமலே அபராதம் போனுக்கு வந்துசேரும் காலம் இது. “எங்கேயோ கேமராவில் மாட்டியிருப்போம்” என்று ஒரு டிரைவர் நினைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

செய்தியின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அறிமுகமில்லாத எண், முகப்புப் படமாக அரசு முத்திரை அல்லது போலீஸ் சின்னம். உள்ளே ஆங்கிலத்தில் வண்டி நம்பரும் ஒரு சலான் எண்ணும், ஆதாரப் படத்தைப் பார்க்க இணைப்பைத் திறக்கவும் என்ற ஒரு வரியும். கீழே ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்றோ ‘எம்பரிவாஹன்’ என்றோ பெயரிட்ட ஒரு ஃபைல். அந்தப் பெயரின் கடைசி மூன்று எழுத்துகளைத்தான் பார்க்கவேண்டும். அது ஏ.பி.கே. என்று முடிந்தால் அது படமும் இல்லை, ரசீதும் இல்லை. போனில் நிறுவப்படும் செயலி. அபராத ஆதாரத்தை எந்தப் போலீஸ் நிலையமும், எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமும் ஏ.பி.கே. ஃபைலாக அனுப்புவதில்லை.

அதைத் தொட்டால், வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவலாமா என்று போன் ஒருமுறை எச்சரிக்கும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் அந்தச் செயலி எஸ்.எம்.எஸ்., தொடர்பு எண்கள், அழைப்புகள் என ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். எஸ்.எம்.எஸ். அனுமதி கிடைத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓ.டி.பி. உரியவர் பார்ப்பதற்கு முன்பே மோசடிக்காரர் கைக்குப் போய்விடும். சில செயலிகள் திரையிலிருந்து தம் ஐகானை மறைத்துக்கொள்ளும். போன் சரியாக வேலை செய்வதுபோலவே இருக்கும், கணக்கில் பணம் மட்டும் குறையும். பாதிக்கப்பட்டவரின் வாட்ஸ்அப்பிலிருந்தே அதே ஃபைல் சொந்தக்காரர்களுக்கும் போவதுண்டு. அதனால் மாமா அனுப்பினார், பங்காளி அனுப்பினார் என்பதும் பாதுகாப்பு ஆகாது.

இதன் பின்னால் இருப்பவை திட்டமிட்டுச் செயல்படும் கும்பல்கள். கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், வியட்நாமைச் சேர்ந்த ஒரு கும்பல் போலி சலான் செயலியால் இந்தியாவில் 4,400க்கும் மேற்பட்ட போன்களில் ஊடுருவியதாகவும், அதில் ஒருவர் மட்டும் 16 லட்சம் ரூபாய்க்கு மேல் சுருட்டியதாகவும் தெரியவந்தது. 2025 ஜூலையில் கொச்சி சைபர் போலீசார் வாரணாசியில் இருவரைக் கைது செய்தபோது, கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் 2,700க்கும் மேற்பட்ட வாகனங்களின் விவரம் அவர்களிடம் இருந்தது. டெலிகிராம் வழியாக அதைத் திரட்டியிருந்தார்கள். செய்தியில் வண்டி நம்பர் சரியாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

உண்மையான சலானுக்குச் சட்டப்படி ஒரு வடிவம் உண்டு. கேமரா வழியாகப் பதிவாகும் விதிமீறலுக்கு, 2021இல் சேர்க்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ-யின்படி, 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பவேண்டும். நம்பர் பிளேட் தெரியும் புகைப்படம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

சந்தேகம் வந்தால் செய்தியில் உள்ள எதையும் தொடாமல், இ-சலான் டாட் பரிவாஹன் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தின் முகவரியைத் தாமே தட்டித் திறந்து வண்டி நம்பரைக் கொடுத்துப் பார்க்கலாம். நிலுவை இருந்தால் அங்கே தெரியும். ‘கவ்’ என்ற பகுதி இல்லாமல் ‘பரிவாஹன் டாட் இன்’ என்று முடியும் முகவரிகள் போலி. அவை ஏ.பி.கே. அனுப்பாமல், அசல் போன்ற பக்கத்தைக் காட்டி கார்டு விவரத்தைப் பறிக்கும். எம்பரிவாஹன் செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்கவேண்டும்.

ஃபைலைத் தெரியாமல் நிறுவிவிட்டால் முதல் வேலை வைஃபையையும் டேட்டாவையும் அணைப்பது. அடுத்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் நிறுத்தவேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்க முடிவது இந்த ஆரம்ப நேரத்தில்தான். செய்தியின் ஸ்கிரீன்ஷாட், அனுப்பியவர் எண், பணம் எடுக்கப்பட்ட விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்திய பிறகே செயலியை நீக்குவதும் போனை ரீசெட் செய்வதும் நல்லது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு ஏற்படும் இழப்பு வங்கியைச் சேரும். ஏமாந்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஒருநாள் தள்ளிப்போட்டால் அந்த ஒருநாள் இழப்பும் நம் தலையில்தான் விழும். ஆகவே வீட்டில் திட்டுவார்களோ என்று யோசிக்காமல் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், 1930ஐ அழையுங்கள்.