காசுமீரப் பண்டிதர் மணவினை: நூல்நெறியும் வழக்குநெறியும்

காசுமீரப் பண்டிதரின் மணவினை இருகூறாக அமைந்தது. ஒன்று நூல்வழிப்பட்டது, மற்றொன்று வழக்குவழிப்பட்டது. அம்மக்களின் தனித்தன்மை பின்னதன்கண்ணே விளங்குகின்றது என்பது எம் கருத்து. அதனை ஈண்டுச் சுருங்க விளக்குவாம்.

முதற்கண் நூல்நெறியை நோக்குவோம். இவர்கள் கிருஷ்ண யசுர்வேதத்தின் காடக சாகையைச் சார்ந்த இலௌகாட்சி கிருகிய சூத்திரத்தைப் பின்பற்றுவோர். எரிவளர்த்தல், கைப்பற்றுதல், ஏழடி நடத்தல் ஆகியன இந்நெறியின்பாற்படும். இவை பாரத நாட்டின் பிற பகுதிகளிலும் காணப்படுவன. ஆதலின், இவற்றைக்கொண்டு காசுமீரத்தாரைப் பிரித்தறிதல் அரிது.

வழக்குநெறியோ அங்ஙனமன்று. மணத்திற்குச் சின்னாள் முன்னர் இல்லத்தைத் தூய்மைசெய்யும் 'லிவுன்' நிகழும். அன்று சுற்றத்து மகளிர் கூடி 'வனவுன்' என்னும் மணப்பாடலைத் தொடங்குவர். மருதாணியிடும் இரவாகிய 'மேன்சிராத்' முதலியவற்றிலும் அது தொடரும். பண்டிதர் இல்லத்து வனவுன் மெல்லென நீண்டொலிப்பது. காசுமீர இசுலாமியர் மணங்களிலும் வனவுன் உண்டு. ஆண்டு மகளிர் இருவரிசையாய் நின்று மாறிமாறிப் பாடுவர். இசைமுறை வேறுபடினும், சமய எல்லை கடந்து இருசாரார்க்கும் இவ்வழக்கு உரியதாதல் நோக்கற்பாலது.

அணிகளுள் தலைமை வாய்ந்தது 'தேஜ்ஹோர்' என்னும் பொற்றொங்கல். மணத்திற்கு முன் நிகழும் 'தேவகோன்' சடங்கில் பெற்றோர் இதனை மகட்கு அளிப்பர். செவிக்குருத்தில் இட்ட துளைவழியே செந்நூலிற் கோத்து நீளத் தொங்கவிடுவர். பின்னர் அந்நூலை நீக்கிக் கணவன் இல்லத்தார் அளிக்கும் பொற்சங்கிலியில் கோப்பர். தொங்கல் பிறந்தகத்தது, சங்கிலி புக்ககத்தது. இருகுடியின் பிணைப்பை ஓரணியே உணர்த்துகின்றது. தமிழர்க்குத் தாலி போன்று, இவர்க்கு மணமானமை காட்டும் மங்கல அடையாளம் இஃதேயாம்.

வேள்விச் சடங்கின் பின்னர் நிகழ்வது 'போஷ் பூசா', அஃதாவது மலர்வழிபாடு. மணமக்கள் தலைமேற் செந்துகில் பிடித்து, அவர்களைச் சிவனும் உமையுமாகக் கருதி, மந்திரவொலிக்கிடையே சுற்றத்தார் மலர்தூவுவர். அதுகாறும் புரோகிதர் கையிலிருந்த சடங்கு இங்கே சுற்றத்தார் கைக்கு வருகின்றது. சைவம் தழைத்த நிலத்திற்கு இஃது இயைபுடைய வழக்கே.

1990ஆம் ஆண்டிற் பண்டிதருள் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு நீங்க நேர்ந்தது. சம்மு, தில்லி முதலிய நகரங்களில் அவர்தம் மணங்கள் நிகழ்கின்றன. நூல்நெறிக்கு ஏடு துணையாகும். தேஜ்ஹோரை எங்கும் எடுத்துச்செல்லலாம். வனவுனுக்கோ, அதனை அறிந்த மூதாட்டியரும் உடன்பாடும் இளையோரும் வீட்டிற் பேசப்படும் காசுமீர மொழியும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் பாட்டு நின்றுவிடும். ஆதலின், இம்மணவினையுள் முதற்கண் தொகுக்கத்தக்கது வனவுனே என்போம். தொகுப்பார் பாட்டின் சொல்லை மட்டும் எழுதியமைதல் போதாது. எச்சடங்கில், எவர், எவ்விசையிற் பாடினர் என்பதனையும் உடன்குறித்தல் வேண்டும். சடங்கினின்று பிரித்த பாட்டு பொருளிற் பாதியை இழக்குமாதலின்.