கண்டு நம்ப வேண்டியவை

திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கூடும்போது வாக்குச் சீட்டுகள் எண்ணப்படும் முறையை நம்மில் பலர் அறிந்திரார். மூவர் ஒருவர்பின் ஒருவராகச் சீட்டைப் பார்க்கின்றனர். மூன்றாமவர் அதிலுள்ள பெயரை யாவரும் கேட்க உரக்க வாசித்து, ஊசியால் துளைத்து நூலில் கோக்கிறார். பின்னர் வேறு மூவர் அக்கணக்கைச் சரிபார்க்கின்றனர். கர்தினால்மார் ஒருவரையொருவர் ஐயுறுவதாலா இவ்வேற்பாடு? அன்று. முடிவை யாவரும் மனநிறைவோடு ஏற்க வேண்டும் என்பதற்காகவே.

இன்றோ பல நாடுகளில் வாக்குகளை இயந்திரம் எண்ணுகிறது. அது எவ்வாறு எண்ண வேண்டும் எனக் கட்டளையிடும் நிரலை மூலநிரல் என்பர். வணிக இரகசியம் என்றும், பாதுகாப்பு என்றும் காரணம் கூறி அதனை மறைத்து வைப்பதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது.

ஜெர்மனியில் 2005-ஆம் ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் இத்தகைய இயந்திரங்களில் வாக்களித்தனர். வாக்காளர்களான ஒரு தந்தையும் மகனும் இதனை எதிர்த்து வழக்காடினர். மூலநிரலும் பரிசோதனை அறிக்கைகளும் மக்களுக்குக் காட்டப்படவில்லை என்பது அவர்களுடைய முறையீடுகளுள் ஒன்று. 2009 மார்ச் 3-ஆம் நாள் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தேர்தலின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்ப அறிவு ஏதுமில்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும், அவ்வியந்திரங்களைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்திற்கு முரணானது. மோசடி நடந்ததாகச் சான்று இல்லாமையால் தேர்தல் முடிவு மாற்றப்படவில்லை. குற்றம் நிகழ்ந்தது என்பதனால் அன்று, காண வழியில்லை என்பதனாலேயே அம்முறை தள்ளப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இவ்வினா நீதிமன்றம் ஏறியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்று இன்றியமையாதது என்று கூறிற்று. அதன் பயனாகவே இன்று நாம் அளித்த வாக்கு ஒரு சீட்டில் 7 விநாடிகள் நம் கண்முன் தோன்றி மறைகிறது. 2019 முதல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் 5 இயந்திரங்களின் சீட்டுகள் எண்ணப்படுகின்றன. மூலநிரலைத் தனித்த வல்லுநர் ஆராய வேண்டும் என்ற மனு 2023-இல் ஏற்கப்படவில்லை. எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையும் 2024 ஏப்ரலில் நிராகரிக்கப்பட்டது. ஆயினும் தோற்ற வேட்பாளர் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கலாம் என அத்தீர்ப்பே வழிவகுத்தது. சோதிப்பவரோ, அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் பொறியாளரே.

ஆதாரமின்றி எவர்மீதும் மோசடிப் பழி சுமத்துவது பாவம். அதனை நாம் செய்யலாகாது. ஆனால் 'காட்டுங்கள்' என்று கேட்பது பழி சுமத்துவதன்று. பங்குக் கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வாசிப்பதால் எந்தக் குருவின் மதிப்பும் குறைந்ததில்லை.

காணாமல் விசுவசிப்பது இறைவனுக்கு நாம் செலுத்தும் கடன். அக்கடனை மனிதர் செய்த கருவிக்குச் செலுத்த வேண்டியதில்லை. நம் அப்போஸ்தலராகிய புனித தோமையார் காயத்தைக் காண விரும்பியபோது ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை, காட்டினார். நாட்டை ஆள்வோரும் அவ்வாறே காட்டுவார்களாக.