திரையும் வாக்கும் – 6: இத்தாலி, சேனல் பெற்ற கட்சியும் இணையம் பெற்ற கட்சியும்

இத்தாலியில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1954 ஜனவரி 3 அன்று தொடங்கியது. அப்போது இருந்தது ‘ராய்’ என்ற அரசு நிறுவனத்தின் ஒரே அலைவரிசை. அதன் கடிவாளம் ஆட்சியில் இருந்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. 1975ல் வந்த சீர்திருத்தச் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை அரசாங்கத்திடமிருந்து நாடாளுமன்றத்துக்கு மாற்றியது. ஏட்டளவில் அது ஜனநாயகச் சீர்திருத்தம். நடந்ததென்னவோ பாகப்பிரிவினைதான். முதல் அலைவரிசை கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கும் இரண்டாவது சோஷலிஸ்ட் கட்சிக்கும் போயின. 1979ல் தொடங்கிய மூன்றாவது அலைவரிசை எண்பதுகளின் பிற்பகுதியில் கம்யூனிஸ்ட் கட்சியின் செல்வாக்குக்குள் வந்தது. எந்தச் செய்தியறிக்கை யாருடையது என்பது பார்ப்பவர்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது. நல்ல ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அன்று தொலைக்காட்சி கட்சிகளின் சொத்தாக இருந்தது. கட்சிகள் தொலைக்காட்சியின் சொத்தாக இருக்கவில்லை. அடுத்த இருபதாண்டுகளில் அந்த உறவு தலைகீழானது.

மாற்றத்துக்கு வழிவிட்டது ஒரு தீர்ப்பு. நாடு முழுவதற்குமான ஒளிபரப்பு ராயின் தனியுரிமையாகவே தொடரலாம், உள்ளூர் அளவில் தனியார் ஒளிபரப்பலாம் என்று 1976ல் அரசியல் சாசன நீதிமன்றம் கூறியது. நாடெங்கும் சிறு சிறு நிலையங்கள் முளைத்தன. மிலான் நகருக்கு வெளியே ‘மிலானோ 2’ என்ற குடியிருப்பைக் கட்டியவர் சில்வியோ பெர்லுஸ்கோனி. அந்தக் குடியிருப்புக்காக 1974ல் கேபிள் வழியே தொடங்கிய சிறு நிலையம் அவர் கைக்கு வந்து, 1980ல் ‘கனாலே 5’ ஆனது. அடுத்த நான்காண்டுகளில் ‘இத்தாலியா 1’, ‘ரெத்தே 4’ ஆகியவற்றையும் போட்டியாளர்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

உள்ளூருக்கு மட்டுமே அனுமதி என்ற சட்டத்தை அவர் கடந்த விதம் எளிமையானது. நிகழ்ச்சிகளையும் விளம்பரங்களையும் வீடியோ கேசட்டில் பதிந்து, நாடெங்கும் உள்ள உள்ளூர் நிலையங்களுக்கு அனுப்பினார்கள். எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் ஒரே கேசட்டை ஓட்டின. சட்டத்தின் கண்ணுக்கு அவை தனித்தனி உள்ளூர் நிலையங்கள். பார்ப்பவருக்கு அது தேசிய அலைவரிசை. விளம்பர நேரத்தை விற்றது அவருடைய ‘பூப்ளித்தாலியா’ நிறுவனம். ராயில் விளம்பர நேரம் குறைவு, வரிசை நீளம். இடம் கிடைக்காமல் நின்ற நடுத்தர, சிறு நிறுவனங்களை இது வளைத்துப் போட்டது. ‘டல்லாஸ்’ போன்ற அமெரிக்கத் தொடர்கள், வினாடிவினாக்கள், கார்ட்டூன்கள், ஆடல் பாடல் என்று திரை நிறைந்தது.

1984 அக்டோபரில் தூரின், ரோம், பெஸ்காரா நகரங்களின் நீதிபதிகள் இந்தக் கேசட் தந்திரத்தைச் சட்டவிரோதம் என்று கூறி அப்பகுதிகளில் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். விருப்பமான தொடர்களும் குழந்தைகளின் கார்ட்டூன்களும் காணாமல்போன கோபத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே பிரதமர் பெத்தினோ கிராக்ஸி அவசரச் சட்டம் கொண்டுவந்து ஒளிபரப்பை மீட்டுக்கொடுத்தார். சோஷலிஸ்ட் தலைவரான கிராக்ஸி, பெர்லுஸ்கோனியின் நெருங்கிய நண்பர்; 1990ல் அவருடைய இரண்டாம் திருமணத்தில் சாட்சியாக நின்றவர். அதே ஆண்டு வந்த ‘மம்மீ சட்டம்’ மூன்று அலைவரிசைகளையும் நிரந்தரமாகச் சட்டபூர்வமாக்கியது. அதை எதிர்த்து ஐந்து அமைச்சர்கள் பதவி விலகினார்கள். அவர்களில் ஒருவர் இன்றைய குடியரசுத் தலைவர் செர்ஜோ மத்தரெல்லா.

அந்த அலைவரிசைகளில் 1991 வரை நாடு தழுவிய செய்தியறிக்கையே கிடையாது. சேனல் வைத்திருப்பவர் செய்தியைத் திரித்து வாக்கு வாங்குகிறார் என்பதே ஊடக அரசியல் பற்றிய வழக்கமான புகார். பெர்லுஸ்கோனி விஷயத்தில் அது பாதிக் கதைதான். ரூபென் துரான்தே, பாவ்லோ பினோத்தி, அந்த்ரேயா தெசெய் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 2019ல் வெளியிட்ட ஆய்வு மீதிக் கதையைச் சொல்கிறது. 1985க்கு முன்பே பெர்லுஸ்கோனியின் ஒளிபரப்பு எட்டிய ஊர்களையும், பிறகு எட்டிய ஊர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். முன்பே எட்டிய ஊர்களில் 1994 தேர்தலில் அவருடைய கட்சி ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி கூடுதலாக வாக்கு வாங்கியிருந்தது. அந்த வித்தியாசம் ஐந்து தேர்தல்கள் வரை மறையவில்லை. அந்த ஒளிபரப்பில் அப்போது பார்க்கக் கிடைத்தது பொழுதுபோக்கு மட்டுமே. சிறு வயதில் அதில் மூழ்கியவர்கள் வளர்ந்த பிறகு பொது விவகாரங்களில் ஈடுபாடு குறைந்தவர்களாகவும் எளிய வாக்குறுதிப் பேச்சுக்கு இணங்குபவர்களாகவும் இருந்தார்கள் என்பது ஆய்வின் முடிவு. ஒரு சதவீதம் சிறிதாகத் தோன்றலாம். அரசியலே பேசாத நிகழ்ச்சிகள் அதைச் சாதித்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

1992 பிப்ரவரியில் மிலானில் ஒரு லஞ்சக் கைதில் தொடங்கிய விசாரணை, இரண்டே ஆண்டுகளில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் சோஷலிஸ்ட் கட்சியையும் இருந்த இடம் தெரியாமல் ஆக்கியது. கிராக்ஸி பின்னர் துனீசியாவுக்குப் போய்விட்டார். அந்த வெற்றிடத்தில் 1994 ஜனவரி 26 அன்று பெர்லுஸ்கோனி நுழைந்தார். பொதுக்கூட்டமில்லை, பத்திரிகையாளர் சந்திப்பில்லை. சுமார் ஒன்பது நிமிட உரையைப் பதிவுசெய்து, கேசட்டைச் செய்தி அலுவலகங்களுக்கு அனுப்பிவைத்தார். கேள்வி கேட்க எதிரில் யாரும் இல்லை. மேசை, பின்னால் புத்தக அலமாரி, குடும்பப் புகைப்படங்கள்: ஒரு விளம்பரப் படத்துக்கான கவனத்தோடு அமைத்த காட்சி. கால்பந்து மைதானத்து உற்சாகக் கூவலையே ‘ஃபோர்சா இத்தாலியா’ என்று கட்சிக்குப் பெயராக வைத்தார். ஏசி மிலான் அணி அப்போது அவருடையதுதான். கிளைகளை அமைத்தவர்களிலும் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தவர்களிலும் பூப்ளித்தாலியா ஊழியர்கள் முன்னணியில் இருந்தார்கள். விளம்பரம் விற்ற வலைப்பின்னல் அப்படியே கட்சி அமைப்பானது. இரண்டே மாதத்தில், மார்ச் 27, 28 தேர்தலில் 21 சதவீத வாக்கோடு அது நாட்டின் மிகப்பெரிய கட்சி. அவர் தலைமையில் அமைந்த ஆட்சி டிசம்பரிலேயே கவிழ்ந்தது என்றாலும், அவர் 2001 முதல் 2006 வரையும் 2008 முதல் 2011 வரையும் மீண்டும் பிரதமராக இருந்தார்.

ஒருவருக்கு ஒரு தேசிய அலைவரிசைதான் இருக்கலாம் என்று வரம்பு கட்டவும், திரைப்படங்களின் நடுவே விளம்பரம் போடுவதைத் தடுக்கவும் 1995 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. இரண்டையும் 55 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நிராகரித்தார்கள். விளம்பரம் வேண்டும் என்று மக்களே வாக்களித்த தேர்தல் வேறு எங்காவது நடந்திருக்குமா என்பது சந்தேகம். விஷயம் அரசியலாக அல்ல, மாலை நேரத்துப் பொழுதுபோக்கு பறிபோகிறதே என்ற கவலையாகவே பலரை எட்டியது. 2000ல் வந்த சட்டம் கட்சிகளுக்குச் சம நேரத்தைக் கட்டாயமாக்கித் தேசிய அலைவரிசைகளில் கட்டண அரசியல் விளம்பரத்தைத் தடுத்தது. ஆனால் உரையாடல் நிகழ்ச்சிகளின் வடிவத்தை எந்தச் சட்டமும் தொட முடியவில்லை. 2001 மே 8 அன்று ராயின் ‘போர்த்தா ஆ போர்த்தா’ நிகழ்ச்சியில், ஒரு மேசை முன் அமர்ந்து ‘இத்தாலியர்களுடன் ஒப்பந்தம்’ என்ற தாளில் பெர்லுஸ்கோனி கையெழுத்திட்டார். ஐந்து வாக்குறுதிகள், நான்கையாவது நிறைவேற்றாவிட்டால் மறுபடி போட்டியிட மாட்டேன் என்பது நிபந்தனை. தேர்தல் அறிக்கையாகப் படித்தால் சலிப்பூட்டியிருக்கும் விஷயம் திரையில் நாடகமாயிற்று.

ஆட்சிக்கு வந்த பிறகு ராயும் அவருடைய பிடிக்குள் வந்தது. 2002 ஏப்ரலில் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பேசும்போது, என்சோ பியாஜி, மிக்கேலே சந்தோரோ, தானியேலே லுத்தாத்ஸி ஆகிய மூவரும் அரசுத் தொலைக்காட்சியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று குற்றம்சாட்டினார். மூவருடைய நிகழ்ச்சிகளும் நின்றன. எண்பது வயதைக் கடந்திருந்த பியாஜி, ராய் திரைக்குத் திரும்ப ஐந்தாண்டுகள் ஆயின.

திரையிலிருந்து துரத்தப்பட்டவர்களில் இவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு: நகைச்சுவை நடிகர் பெப்பே கிரில்லோ. 1986ல் ராயின் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சியில், கிராக்ஸியின் சீனப் பயணத்தை வைத்து, சோஷலிஸ்ட்கள் திருடர்கள் என்ற பொருளில் ஒரு ஜோக் அடித்தார். ராயின் கதவு அவருக்கு அநேகமாக மூடிக்கொண்டது. அரங்கம் அரங்கமாகப் போய் நிகழ்ச்சி நடத்தினார்; ஒரு காலத்தில் மேடையில் கணினியை உடைத்துக் காட்டுவதும் அதில் ஓர் அங்கம். இணைய ஆலோசனை நிறுவனம் நடத்திய ஜான்ரொபெர்த்தோ கசலெஜ்ஜோவைச் சந்தித்த பிறகு அவர் அடியோடு மாறினார். 2005ல் இருவரும் சேர்ந்து தொடங்கிய வலைப்பதிவு விரைவிலேயே நாட்டில் அதிகம் படிக்கப்படுவதாயிற்று. 2007 செப்டம்பர் 8 அன்று அதன் அழைப்பை ஏற்றுப் பல நகரச் சதுக்கங்களில் கூட்டம் திரண்டது. குற்றவாளிகளை நாடாளுமன்றத்திலிருந்து விலக்கும் மசோதாவுக்கு 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 2009 அக்டோபரில் ‘ஐந்து நட்சத்திர இயக்கம்’ பிறந்தது. அதன் தலைமையகம் கட்டடமல்ல, ஓர் இணைய முகவரி என்று அதன் விதியே சொன்னது. பெயரும் சின்னமும் கிரில்லோவின் உடைமை. தொலைக்காட்சி முதலாளியின் கட்சிக்கு மாற்றாக வந்ததும் உரிமையாளர் உள்ள கட்சியாகவே இருந்தது.

தொலைக்காட்சி செத்துப்போன ஊடகம் என்று இயக்கம் சொல்லிவந்தது. உறுப்பினர்கள் விவாத நிகழ்ச்சிகளுக்குப் போகக் கூடாது என்றும் கட்டளை. 2012ல் ‘பல்லரோ’ நிகழ்ச்சிக்குப் போன போலோனியா நகர்மன்ற உறுப்பினர் ஒருவரைக் கிரில்லோ பகிரங்கமாகச் சாடினார். டிசம்பரில் அந்த உறுப்பினர் வெளியேற்றப்பட்டார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் கிரில்லோ மெசினா நீரிணையை நீந்திக் கடந்தபோது அந்தக் காட்சியை எல்லாச் சேனல்களும் காட்டின. திரைக்கு வர மறுப்பவரைத்தான் கேமராக்கள் விடாமல் துரத்தின. கேள்விக்குப் பதில் சொல்லாமலே திரையை நிறைப்பது என்ற வித்தையில் 1994ன் கேசட்டை அவர் மிஞ்சிவிட்டார். 2013 பிப்ரவரித் தேர்தலில் இயக்கத்துக்குக் கால்வாசி வாக்குகள் கிடைத்தன. ஆட்சியமைக்க ஆதரவு கேட்டு வந்த ஜனநாயகக் கட்சித் தலைவர் பெர்சானியுடனான சந்திப்பை, ஒளிவுமறைவு கூடாது என்று இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். இது ‘பல்லரோ’வில் இருப்பதுபோல் இருக்கிறதே என்று இயக்கத்தின் பிரதிநிதி ரொபெர்த்தா லொம்பார்தியே அந்த நேரலையில் சொல்லிவிட்டார். பேரம் பேச வேண்டிய மேசையில் இரு தரப்பும் பார்வையாளருக்காகப் பேசியதில் பேச்சுவார்த்தை நடக்கவே இல்லை.

இணைய அரசியலின் ஆட்கள் எங்கே பயின்றார்கள் என்று பார்த்தால் மறுபடியும் கனாலே 5 வந்து நிற்கிறது. இயக்கத்தின் ஊடகப் பொறுப்பாளரும், பிறகு பிரதமர் ஜுசெப்பே கோந்தேயின் செய்தித் தொடர்பாளருமான ரோக்கோ கசலீனோ, 2000ல் அந்த அலைவரிசையில் வந்த முதல் ‘கிராந்தே ஃபிராத்தெல்லோ’வின் போட்டியாளர். தமிழில் ‘பிக் பாஸ்’ என்று நாம் பார்க்கும் நிகழ்ச்சியின் இத்தாலிய வடிவம் அது. பின்னாளில் பிரதமரான மத்தேயோ ரென்ஸி 19 வயதில் அங்கே ஒரு வினாடிவினாவில் 4 கோடியே 80 லட்சம் லிரா வென்றவர். லேகா கட்சித் தலைவரான மத்தேயோ சல்வீனி பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அப்படியொரு போட்டியில் கலந்துகொண்டார். பின்னாளில் சல்வீனியின் சமூக ஊடகக் குழு, 2018 தேர்தலுக்கு முன் ‘சல்வீனியை வெல்லுங்கள்’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு போட்டி நடத்தியது. அவர் பதிவுகளுக்கு முந்தி லைக் போட்டுப் புள்ளி சேர்ப்பவருக்குத் தலைவரோடு பேசும் வாய்ப்பு பரிசு. வினாடிவினாவின் இலக்கணம் அப்படியே கைபேசிக்கு மாறிவிட்டது.

2018ல் ஐந்து நட்சத்திர இயக்கம் 32.7 சதவீத வாக்கு பெற்றது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சல்வீனியின் லேகா கட்சியோடு கூட்டணி அமைப்பதா என்பதை ‘ரூசோ’ என்ற அதன் இணையத் தளத்தில் உறுப்பினர்கள் முடிவுசெய்தார்கள். வாக்களித்தவர்கள் சுமார் 45,000 பேர். 94 சதவீதம் ஆதரவு. அடுத்த ஆண்டு எதிரணியான ஜனநாயகக் கட்சியோடு கூட்டணி என்று திரும்பியபோது சுமார் 80,000 பேர் வாக்களித்தார்கள்; 79 சதவீதம் ஆதரவு. கேள்வியின் வாசகத்தை எழுதுவதும் தேதி குறிப்பதும் தலைமை. உறுப்பினருக்கு மிச்சம் ஆம், இல்லை மட்டும். அந்தத் தளம் கட்சியின் சொத்தும் அல்ல. அது கசலெஜ்ஜோ குடும்பத்தோடு இணைந்த சங்கத்தின் கையில் இருந்தது. நிர்வாகம் செய்பவர் விரும்பினால் வாக்குகளில் கைவைக்க முடியும் என்ற அளவுக்குப் பாதுகாப்பு தளர்ந்திருந்ததாகக் கண்ட தரவுப் பாதுகாப்பு ஆணையம், 2019 ஏப்ரலில் 50,000 யூரோ அபராதம் விதித்தது. 2021ல் இயக்கம் ரூசோவோடு உறவை முறித்துக்கொண்டது. உறுப்பினர் பட்டியலைத் திரும்பப் பெறவே அது ரூசோவோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

2022 செப்டம்பரில் 85 வயது பெர்லுஸ்கோனி டிக்டாக்கில் கணக்குத் தொடங்கி இளைஞர்களை விளித்து ஜோக் அடித்தார். 2023 ஜூன் 12 அன்று அவர் இறந்த பிறகும் அலைவரிசைகள் குடும்பத்தின் கையில் இருக்கின்றன. ஃபோர்சா இத்தாலியா சிறு பங்காளியாக ஆட்சியில் தொடர்கிறது. கிரில்லோவின் கதை வேறு விதமாக முடிந்தது. நிறுவனர் என்ற முறையில் ‘காப்பாளர்’ என்ற நிரந்தரப் பதவியை அவர் வைத்திருந்தார். கட்சித் தலைவரான கோந்தேயோடு மோதல் முற்றியதில் அந்தப் பதவி வேண்டுமா என்ற கேள்வி 2024 நவம்பரில் இணைய வாக்கெடுப்புக்குப் போனது. வேண்டாம் என்று உறுப்பினர்கள் தீர்த்துச் சொன்னார்கள். விதிப்படி தனக்குள்ள உரிமையைப் பயன்படுத்தி மறுவாக்கெடுப்பு கேட்டார் கிரில்லோ. டிசம்பரில் அது நடந்தது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அதே முடிவைத் திருப்பிச் சொன்னார்கள்.