பழைய பிக்கப்பும் பெரிய ரயரும்: உயர்த்துவதற்கு முன் சில கணக்குகள்

ரூர் பிரதேசத்தில் வாழும் நண்பர் ஒருவரின் வீட்டு முற்றத்தில், 1993ஆம் ஆண்டு பதிவான ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஒன்று நிற்கிறது. சென்ற மாரிக்கு முன்னர் நாம் அங்கு சென்றபோது அதன் அருகே நான்கு பெரிய ரயர்களும், இரும்புக் கட்டைகளும் நீண்ட ஆணிகளும் அடங்கிய பெட்டியொன்றும் இருந்தன. நண்பர் எம்மிலும் பதினைந்து வயது மூத்தவர். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே லொறி ஓட்டியவர். இன்று தோட்டப் பராமரிப்பும் வீடு மாற்றுவோரின் தளபாடங்களை ஏற்றி இறக்குவதுமே அவரது தொழில். ஹம் நகரில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பொருட்கள் சுமப்பதும் இதே வண்டிதான்.

“மாஸ்ரர், இந்தக் கடதாசியை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. பூட்டலாமோ?” என்று கேட்டு ஜேர்மன் மொழியில் அச்சிட்ட மூன்று தாள்களை அவர் நீட்டினார். பணத்தைக் கொடுத்து முடித்த பின்னர் கேட்கப்படும் கேள்வி இது என்பதை வாசகர் கவனிக்க.

ஹைலக்ஸ் ஜேர்மனிக்கு அந்நியமான வண்டியன்று. 1989ஆம் ஆண்டு முதல் 1997ஆம் ஆண்டு வரை வொக்ஸ்வாகன் நிறுவனம் அதே வண்டியைத் ‘தாரோ’ என்ற பெயரில் விற்றது. ஹனோவர் நகரத் தொழிற்சாலையிலும் அது பொருத்தப்பட்டது. எனவே பாகங்கள் கிடைக்கின்றன, கைவைக்கத் தெரிந்த மெக்கானிக்குகளும் உள்ளனர். சிக்கல் வேறிடத்தில் உள்ளது.

எம்மவரிடம் வண்டியைத் திருத்தும் துணிவு குறைவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். லொறிக்குப் பாரம் கூடினால் பட்டறையில் வில்லுத்தகடு ஒன்றைக் கூட்டினோம். கிடங்கு விழுந்த வன்னி வீதிகளில் வண்டி உயர்ந்து நிற்பது அலங்காரமன்று, அவசியம். அக்கைவேலைக்கு எவரிடமும் சான்றிதழ் பெற வேண்டியிருக்கவில்லை. நண்பரின் துணிவும் அங்கிருந்து வந்ததே. அதைக் குறை கூற எமக்கு மனமில்லை.

ஆயினும் முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். வில்லையோ கட்டையையோ கொண்டு வண்டியை உயர்த்தினால் உயர்வது உடலும் அடிச்சட்டமும் மட்டுமே. வண்டியின் மிகத் தாழ்ந்த பாகம் பின்னச்சின் நடுவே உள்ள பல்லிணைப் பெட்டி. அது சக்கரத்துடன் சேர்ந்தே நிற்பது. அதை உயர்த்த வல்லது ரயர் மட்டுமே, அதுவும் விட்டம் கூடுவதில் பாதியளவே. நண்பரின் பத்திரத்தில் உள்ள ரயர் 205 ஆர் 16. அதன் விட்டம் ஏறத்தாழ 740 மில்லிமீற்றர். அவர் வாங்கியிருந்தது 265/75 ஆர் 16. விட்டம் 804 மில்லிமீற்றர். வேறுபாடு 64. அச்சு உயர்வது 32 மில்லிமீற்றர், அதாவது ஒரு கட்டைவிரலின் நீளமும் இல்லை. அப்படியாயின் உடலை உயர்த்துவது எதற்கு? பெரும்பாலும் அந்தப் பெரிய ரயர் மட்காட்டில் உரசாமல் சுழல்வதற்கு இடம் விடவே.

இந்த 32 மில்லிமீற்றருக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ நூற்றுக்கு எட்டரை பங்கு கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி 109 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். உண்மை வேகத்திலும் குறைவாக வேகமானி காட்டலாகாது என்பது ஜேர்மன் வீதிப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 57ஆம் பிரிவு. அதனைத் திருத்தியாக வேண்டும். பின்னச்சின் பல்லிணை விகிதம் 4.1 ஆக இருந்தால், ஓட்டத்தில் அது 3.8 போல நடந்துகொள்ளும். பாரத்துடன் மேடேறும் பழைய டீசல் இயந்திரம் ஒரு கியர் கீழே இறங்கியே மூச்சு விடும். பிறேக்கோ பழைய பிறேக்தான். அது நிறுத்த வேண்டிய சக்கரம் பாரமும் விட்டமும் கூடியது.

பிறேக்கைப் பற்றிப் பேசும்போது பலரும் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இத்தகைய பிக்கப்புகளின் பின்புறத்தில் பாரத்துக்கேற்பப் பிறேக் எண்ணெயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று உண்டு. அது அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டு, மெல்லிய தண்டொன்றினால் பின்னச்சுடன் இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறினால் உடல் தாழும், தண்டு அசையும், பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். வண்டியை 50 மில்லிமீற்றர் உயர்த்திவிட்டு இத்தண்டைச் சீர்செய்யாமல் விட்டால், வால்வு அந்த வண்டியை எப்போதும் வெறுமையானது என்றே கணிக்கும். ஒரு தொன் பாரம் ஏற்றி மழையில் பிறேக்கை மிதிக்கும்போது பின்சக்கரங்கள் தமது பங்கைச் செய்யா. முன்சக்கரங்களே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நண்பரின் பெட்டியில் இந்தத் தண்டுக்கான பாகம் இருக்கவில்லை.

இருந்தது என்ன? அச்சுக்கும் வில்லுக்கும் இடையில் வைக்கும் கட்டைகள். உயர்த்தும் வழிகளில் மலிவானது இது. ஆனால் கட்டை உயர உயர, இழுக்கும்போதும் நிறுத்தும்போதும் அச்சு வில்லை முறுக்கும் நெம்பு நீளம் கூடும். பாரம் சுமக்கும் வண்டிக்குப் புதிய வில்லுத்தொகுதியும் அதற்கேற்ற நீளமான அதிர்வு தாங்கிகளும் பிறேக் குழாய்களுமே முறையானவை. முன்புறம் முறுக்குக் கம்பி உள்ள வண்டிகளில் அக்கம்பியைத் திருகி உயர்த்துவோரும் உண்டு; செலவே இல்லாத வழி. சக்கரம் கீழிறங்குவதற்கு இருந்த இடமெல்லாம் தீர்ந்து, பந்து மூட்டுக்கள் சரிந்த கோணத்தில் தேய்ந்துபோவதே அதன் பலன்.

இனித் தாள்களுக்கு வருவோம். இந்நாட்டில் ரியூவ் என்றால் எம்மவரிடையே ஓர் அச்சம். அதன் வேர் நீராவிக் கொதிகலனில் உள்ளது. 1865ஆம் ஆண்டு மன்ஹைம் நகர மதுவடிசாலை ஒன்றில் கொதிகலன் வெடித்ததை அடுத்து, மறு ஆண்டில் அங்கு உரிமையாளர்கள் கூடி அமைத்த கண்காணிப்புச் சங்கமே இதன் மூதாதை. வாகனங்களுக்கான கட்டாயப் பரிசோதனை 1951இலும், இலக்கத் தகட்டில் ஒட்டும் முத்திரை 1961இலும் வந்தன.

விதிகளின் 19ஆம் பிரிவு கூறுவது இது: பிறருக்கு ஆபத்து விளையக்கூடிய மாற்றத்தை வண்டியில் செய்தால் அதன் இயக்க அனுமதி அற்றுப்போகும். அற்றுப்போகாமல் காப்பது பாகத்துடன் வரும் பத்திரம். பொது இயக்க அனுமதியுள்ள பாகம் ஒருவகை. அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டால் போதுமானது. ‘ரைலகுட்டாக்ரன்’ எனப்படும் பாகச் சான்றறிக்கையுடன் வருவது மற்றொரு வகை. பூட்டிய உடனேயே பரிசோதகரிடம் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். எந்தப் பத்திரமும் இல்லையெனில் 21ஆம் பிரிவின்படி தனிமதிப்பீடு. செலவும் கூடுதல், முடிவும் நிச்சயமில்லை.

நண்பரின் மூன்று தாள்களில் ஒன்று விலைப்பட்டியல். மற்றொன்று ரயருக்கானது, வண்டியின் உயரம் மாற்றப்படவில்லை என்ற நிபந்தனை அதில் சிறிய எழுத்தில் இருந்தது. மூன்றாவது உயர்த்தும் கட்டைக்கானது. தொழிற்சாலை ரயருடன் மட்டும் என்றது. தனித்தனியே இரண்டும் செல்லும். சேர்த்தால் இரண்டும் செல்லா. பலர் விழும் குழி இதுவே. விற்பவர் பொய் சொல்லவில்லை. வாங்குபவர் இரு தாள்களையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

“காப்புறுதி இல்லாமல் போகும்” என்று எம்மவர் சொல்வதிலும் பாதியே உண்மை. விபத்தில் பாதிக்கப்பட்ட மற்றவருக்குக் கட்டாயக் காப்புறுதி பணம் கொடுக்கும். ஆனால் விபத்துக்கு அந்த மாற்றமே காரணமெனக் கண்டால், காப்புறுதி நிறுவனம் 5000 யூரோ வரை வண்டிக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். சொந்த வண்டிக்கான காப்புறுதியிலும் வெட்டு விழலாம். கூலி வேலையில் மிச்சம் பிடித்து ஊருக்கும் அனுப்பும் ஒருவருக்கு 5000 யூரோ என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை.

வேறு சில விதிகளையும் விரைவாகச் சொல்லிவிடுகிறோம். அகன்ற ரயர் மட்காட்டுக்கு வெளியே நீளலாகாது. நீண்டால் மட்காட்டை அகலப்படுத்த வேண்டும். உயர்த்திய பின் முன்விளக்குகளை மீண்டும் சீர்செய்ய வேண்டும். அவற்றின் மேல்விளிம்பு 1200 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் முடிவுடன் ‘எம்+எஸ்’ குறி மட்டும் உள்ள ரயர்கள் மாரிகால ரயராகக் கொள்ளப்படுவது நின்றுவிட்டது. மலையும் பனித்துகளும் வரைந்த குறி வேண்டும். சேற்றுக்கென விற்கப்படும் முரட்டு ரயர்கள் பலவற்றில் அது இல்லை. நண்பரின் நான்கிலும் இல்லை.

முப்பது ஆண்டு கடந்த வண்டிக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1997ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் ‘ஹா’ எழுத்துடைய இலக்கத் தகடு கிடைத்தால் வரி நிலையான சிறு தொகையாகும். பெர்லின் போன்ற நகர்களின் சூழல் வலயத்துக்குள்ளும் பழைய டீசல் வண்டி செல்லலாம். ஆனால் வண்டி தன் காலத்துத் தோற்றத்தில் இருக்க வேண்டும். இன்றைய உயர்த்தும் தொகுதியைப் பூட்டினால் அந்தக் கதவை நாமே சாத்துவதாகும்.

இவற்றை எல்லாம் நண்பருக்கு வாசித்துக் காட்ட இரண்டு மணிநேரமும் மூன்று தேநீரும் சென்றன. “சும்மா உயரத்துக்கு இவ்வளவு கரைச்சலோ?” என்றார். பின்னர் தாமே அளவுநாடாவை எடுத்து வந்து வண்டியின் கீழே படுத்தார். பல்லாண்டு பாரம் சுமந்து பின்வில் ஏறக்குறைய நேராகிவிட்டதை அப்போதுதான் கண்டோம். வண்டி தாழ்ந்திருந்ததன் உண்மைக் காரணம் அதுவே!

முடிவில் அவர் கட்டைகளை விட்டு, தொழிற்சாலை உயரத்துக்கே உரிய புதிய பின்வில்லுத்தொகுதியைப் பூட்டினார். ரயருக்கு 225/75 ஆர் 16 அளவைத் தேர்ந்தார்; விட்டம் 744 மில்லிமீற்றர், பழையதற்கு ஏறக்குறைய சமம், வேகமானியும் பொய் சொல்லாது. பனித்துகள் குறியும் உண்டு. பத்திரத்தில் இல்லாத அளவாகையால் அதனையும் பரிசோதகரிடம் காட்டி எழுதிக்கொண்டார். பரிசோதகர் முதலில் குனிந்து பார்த்தது பிறேக் வால்வின் தண்டைத்தானாம்.

அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். அந்த நான்கு பெரிய ரயர்களும் இன்னும் முற்றத்தில் கிடக்கின்றனவாம். “எழுதேக்கை விற்பனைக்கு எண்டும் போடுங்கோ மாஸ்ரர். ஆனால் கடதாசியை வாசிச்சுப் போட்டு வரச் சொல்லுங்கோ” என்றார்.