நன்கொடை கொடுத்தவர் பெயர் எங்கே போகிறது?

ஒரு தர்ம ஸ்தாபனத்துக்கு 500 ரூபாய் கொடுக்கிறீர்கள். ரசீது வருகிறது. சில நாளில் நீங்கள் அதை மறந்து விடுகிறீர்கள்.

ஆனால், ஸ்தாபனம் உங்களை மறக்கக் கூடாது! நீங்கள் யார், எப்போது கொடுத்தீர்கள், எதற்காகக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அடுத்த வருஷம் உங்களிடம்தானே மறுபடியும் வர வேண்டும்?

இந்த ஞாபகத்தைக் காப்பாற்றும் வேலையை இப்போது கம்ப்யூட்டர் செய்கிறது. கொடுத்தவர், உழைத்தவர், உதவி பெற்றவர் ஆகிய எல்லோருக்கும் ஒரே பதிவேடு. இதை "சி.ஆர்.எம்." என்று மூன்று எழுத்தில் சொல்லுகிறார்கள். உறவுகளைப் பேணும் ஏற்பாடு என்பது அதன் பொருள். நாம் "உறவுப் பதிவேடு" என்று வைத்துக் கொள்வோம்.

இதனால் வந்த நன்மை பெரிது. வந்த ஆபத்தும் பெரிது. இரண்டையும் பார்ப்போம்.

நாலு நோட்டு

பதிவேடு இல்லாத ஸ்தாபனத்தில் என்ன நடக்கும்?

காசாளரிடம் ஒரு நோட்டு இருக்கும். தபால் அனுப்புகிறவரிடம் ஒரு விலாசப் பட்டியல் இருக்கும். தொண்டர்களைக் கூப்பிடுகிறவர் தம் செல்போனில் சில நம்பர்களை வைத்திருப்பார். ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் பீரோவில் கிடக்கும்.

இந்த நாலு இடத்திலும் ஒரே அம்மாளின் பெயர் இருக்கலாம். ஆனால், நாலு பேரும் ஒருவரே என்பது யாருக்கும் தெரியாது!

மாதம் தவறாமல் பணம் அனுப்பும் அந்த அம்மாளுக்கு, "இதுவரை நீங்கள் எங்களுக்கு உதவியதில்லை. இனியாவது உதவுங்கள்" என்று கடிதம் போகும். வீடு மாறியதைக் காசாளரிடம் சொல்லி இருப்பார். கடிதமோ பழைய வீட்டுக்கே போய்க் கொண்டிருக்கும். எல்லாவற்றையும் விடக் கொடுமை, கணவர் காலமான பிறகும் அவர் பெயருக்கு வருஷா வருஷம் வாழ்த்து அட்டை வந்து சேருவதுதான். அந்த அட்டையைக் கையில் வாங்கும் மனைவியின் மனம் என்ன பாடுபடும்?

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு நோட்டு மற்ற நோட்டோடு பேசவில்லை. அவ்வளவுதான்.

ஒரு ஆள், ஒரு பக்கம்

உறவுப் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம்தான். பெயர், விலாசம், கொடுத்த பணம், வந்த கூட்டம், செய்த தொண்டு எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். "காலமானார்" என்று ஒரு கட்டத்தில் குறித்து விட்டால், அவர் பெயர் தபால் பட்டியலில் இருந்து விலகி விடும்.

"சிவி சி.ஆர்.எம்." என்று ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. 2005-ம் ஆண்டு தோன்றியது. லாப நோக்கமற்ற ஸ்தாபனங்களுக்காகவே எழுதப்பட்டது. யாரும் விலை கொடுக்காமல் எடுத்துக் கொள்ளலாம். அதில் "தனி ஆள்", "ஸ்தாபனம்" என்ற இரண்டு வகையோடு, "குடும்பம்" என்று மூன்றாவது வகையும் உண்டு! இன்னார் இன்னாருடைய மனைவி, இன்னார் இன்னாருடைய மகன், இன்னார் இந்த வீட்டுக்குத் தலைவர் என்றெல்லாம் உறவு முறையைக் குறித்து வைக்கலாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டு எழுதுகிறவருக்கு இதன் அருமை தெரியும்.

அமெரிக்காவின் "சேல்ஸ்போர்ஸ்" கம்பெனி வியாபாரிகளுக்காகப் பதிவேடு செய்து பெரிதானது. அதுவும் தகுதியுள்ள தர்ம ஸ்தாபனங்களுக்கு 10 பேர் உபயோகிக்கும் அளவுக்கு இலவச அனுமதி கொடுக்கிறது.

ஆனால், சாப்ட்வேர் இலவசம் என்றால் செலவே இல்லை என்று எண்ணி விடக் கூடாது. அமைத்துக் கொடுக்க ஆள் வேண்டும். பழைய நோட்டுகளைத் தட்டச்சு செய்து ஏற்ற ஆள் வேண்டும். அதற்கு மேல் தினமும் ஒழுங்காக எழுத ஆள் வேண்டும். இந்தக் கடைசி ஆள் இல்லாததால்தான் பல பதிவேடுகள் பாழாகின்றன என்பது என் அபிப்பிராயம்.

பேச வைக்கும் வேலை

பதிவேடு மட்டும் இருந்தால் போதாது. பணம் செல்போன் வழியாக வருகிறது. கணக்கு வேறு சாப்ட்வேரில் இருக்கிறது. கடிதம் மின்னஞ்சலில் போகிறது. இவை எல்லாவற்றையும் பதிவேட்டோடு பேச வைக்க வேண்டும். இதற்கு "இணைப்பு" என்று பெயர்.

ஒவ்வொரு சாப்ட்வேரும் மற்றதற்காக ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த ஜன்னல் வழியே செய்தி போகும், வரும். நீங்கள் இரவு 11 மணிக்குப் பணம் அனுப்பினாலும், உங்கள் பக்கத்தில் வரவு ஏறி, ரசீது உங்களுக்கு வந்து விடும். அலுவலகத்தில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை!

கேட்க எளிதாக இருக்கிறது. சிக்கல் உள்ளே இருக்கிறது.

நீங்கள் 1,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். நடுவில் இருக்கும் கம்பெனி 20 ரூபாய் கூலி எடுத்துக் கொள்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பாங்கியில் 980 ரூபாய்தான் விழும். பதிவேட்டில் எதை எழுதுவது? நீங்கள் கொடுத்தது 1,000. ரசீதும் அதற்குத்தான். ஆனால், கணக்கருக்குப் பாங்கியோடு ஒத்துப் போக வேண்டும். 1,000 வரவு, 20 செலவு என்று இரண்டாகப் பிரித்து எழுதும்படி இணைப்பைச் செய்யாவிட்டால், வருஷ முடிவில் கணக்கர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுவார்.

இன்னொன்று. பதிவேட்டில் ஒரு விலாசம், கணக்குச் சாப்ட்வேரில் வேறு விலாசம் இருந்தால் எது சரி? இதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பணத்துக்குக் கணக்குதான் மூலம், விலாசத்துக்குப் பதிவேடுதான் மூலம் என்று வகுத்துக் கொள்வார்கள். அப்படி வகுக்காத இடத்தில் நேற்று திருத்திய விலாசத்தை, இன்று பழைய விலாசம் வந்து அழித்து விடும்!

அப்பா பெயரா, குடும்பப் பெயரா?

வந்தவர் பழைய ஆளா, புது ஆளா என்று கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் மின்னஞ்சல் விலாசத்தைப் பார்த்து. கணவனும் மனைவியும் ஒரே விலாசத்தை உபயோகித்தால் இருவரையும் ஒருவராக்கி விடக் கூடும். ஒரே ஆளுக்கு இரண்டு விலாசம் இருந்தால் இரண்டு ஆளாக்கி விடும்.

தமிழர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை உண்டு. சேல்ஸ்போர்ஸ் போன்ற பதிவேட்டில் குடும்பப் பெயர் எழுதாமல் ஒருவரைச் சேர்க்கவே முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். "கே.முருகன்" ஒரு நாள் "முருகன் கே." ஆவார். மறுநாள் "முருகன் குப்புசாமி" ஆவார். மூன்று பக்கம், மூன்று கடிதம், ஆள் ஒருவர்!

இது வெறும் வேடிக்கை அல்ல. 80-ஜி பிரிவின் கீழ் வரிச் சலுகை பெற்ற ஸ்தாபனங்கள், நன்கொடை கொடுத்தவர் பட்டியலை வருமான வரித் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று 2021-22 நிதி ஆண்டில் இருந்து விதி வந்தது. பெயர், பான் எண் போன்ற அடையாளம், தொகை எல்லாம் அதில் வேண்டும். எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும், கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைப்பதில் வில்லங்கம் வரும்.

பள்ளிக்கூடத்தில் பிறந்த கம்பெனி

இனி ஆபத்தைப் பார்ப்போம். அதற்கு அமெரிக்கா போக வேண்டும்.

நியூயார்க் நகரில் நைட்டிங்கேல்-பாம்போர்டு என்று ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. 1981-ம் ஆண்டு அந்தோணி பேக்கர் என்பவர் அந்தப் பள்ளிக்குக் கட்டணக் கணக்குக்காக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்து கொடுத்தார். அதில் இருந்து பிறந்தது "பிளாக்பாட்" கம்பெனி. 1989-ல் தெற்கு கரோலினா மாகாணத்துக்குக் குடி போயிற்று. பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், ஆஸ்பத்திரிகள், தர்ம ஸ்தாபனங்கள் எல்லாம் தங்கள் நன்கொடையாளர் பதிவேட்டை அதனிடம் ஒப்படைத்தன.

ஆயிரக்கணக்கான ஸ்தாபனங்களின் பதிவேடுகள் ஒரு கம்பெனியின் பொறுப்பில்! திருடனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

2020-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு திருடன் உள்ளே நுழைந்தான். பூட்டை உடைக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவருடைய பெயரையும் ரகசியச் சொல்லையும் கொண்டே நுழைந்தான். அங்கிருந்து மற்றவர்கள் அறைகளுக்கும் போனான். மே மாதம் வரை, 3 மாதத்துக்கு மேல் அவன் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

கண்டுபிடித்ததும் அவன் மிரட்டினான். "பணம் கொடுக்காவிட்டால் எல்லாவற்றையும் வெளியிடுவேன்!" கம்பெனி 24 பிட்காயின் கொடுத்தது. அன்றைய மதிப்பில் 2 லட்சம் டாலருக்கு மேல். திருடியதை அழித்து விடுவதாக அவன் வாக்குக் கொடுத்தான். திருடன் வாக்கு!

13,000-க்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தின் பதிவேடும் அதில் ஒன்று.

ஒரே கூரையின் கீழ்

கம்பெனி வாடிக்கையாளர்களுக்குச் செய்தி சொன்னது ஜூலை 16-ந் தேதிதான். அப்போதும், "பாங்கிக் கணக்கு எண், அரசாங்க அடையாள எண் எதையும் திருடன் தொடவில்லை" என்று சொல்லிற்று.

சில நாட்களுக்குள் கம்பெனியின் சில ஊழியர்களுக்கே உண்மை தெரிந்து விட்டது. தொட்டிருக்கிறான்! ஆனால், அவர்கள் அறிந்தது மேல் அதிகாரிகளுக்குப் போய்ச் சேரவில்லை. ஆகஸ்டு மாதம் கம்பெனி வெளியிட்ட அறிக்கையிலும் அது இல்லை. செப்டம்பர் கடைசியில்தான் வெளிவந்தது.

ஊரார் நோட்டுகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று பேச வைக்கிற கம்பெனி இது. அதன் சொந்த வீட்டில் கீழ் அறை மேல் அறையோடு பேசவில்லை! பணம் கொடுத்தவர்கள் 2 மாதத்துக்கு மேல் தவறான செய்தியை நம்பிக் கொண்டிருந்தார்கள். திருட்டை விட இதுதான் பெரிய குற்றமாக எனக்குப் படுகிறது.

2023 மார்ச் மாதம், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையம் இதற்காக 30 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. அதே வருஷம் அக்டோபரில் 49 மாகாணங்களும் வாஷிங்டன் நகரமும் சேர்ந்து தொடுத்த விவகாரத்தில், கம்பெனி 4 கோடியே 95 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தது. கலிபோர்னியா மாகாணம் தனியாக நின்று, 2024 ஜூனில் 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் பெற்றது.

கிழிக்காத பக்கங்கள்

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் விசாரித்தபோது இன்னொரு சங்கதி தெரிந்தது. கம்பெனியை விட்டு எப்போதோ விலகிப் போன வாடிக்கையாளர்களின் பதிவேடுகளும் பல வருஷமாக அங்கே கிடந்தன. யாருக்கும் தேவை இல்லை. யாரும் அழிக்கவும் இல்லை. திருடனுக்கு அவையும் கிடைத்தன.

"தேவை இல்லாததை அழித்து விடு. எதை எவ்வளவு காலம் வைத்திருப்பாய், ஏன் வைத்திருப்பாய் என்று எழுதி வை" என்பது 2024 மே மாதம் உறுதியான உத்தரவின் சாரம்.

இது பெரிய கம்பெனிக்கு மட்டும் பொருந்துவது அல்ல. பத்து வருஷத்துக்கு முன் வந்த செக்கின் பாங்கி எண், பழைய தொண்டரின் பிறந்த தேதி இவை எல்லாம் சிறிய ஸ்தாபனங்களிலும் உண்டு. வேலையை விட்டுப் போன ஊழியரின் ரகசியச் சொல் இன்னும் செல்லுபடியாகும் இடங்களும் உண்டு. பதிவேட்டை வாங்கும்போது இருக்கும் உற்சாகம், அதைப் பெருக்கிச் சுத்தம் செய்யும்போது இருப்பதில்லை.

இனி நன்கொடை கொடுக்கும்போது, "என் பிறந்த தேதி எதற்கு?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். ரசீதுக்குத் தேவையானதைக் கொடுங்கள். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், தம் விவரங்களைக் காட்டச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும் மக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய சட்டத்திலும் அப்படிப்பட்ட உரிமை எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் யாராவது காலமாகி இருந்தால், அவர் பணம் அனுப்பி வந்த ஸ்தாபனத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். உங்கள் பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதையும் அப்போதே திருத்தச் சொல்லி விடலாம்.