துகள் முடுக்கியின் மீக்கடத்துக் காந்தங்கள்

மின்தடையுள்ள கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் வெப்பம் பிறக்கும் என்பது இடைநிலைப்பள்ளி மாணவர் அறிந்த பாடம். உலகின் மிகப்பெரிய துகள் முடுக்கியை வடிவமைத்தோரும் அப்பாடத்தையே எதிர்கொள்ள நேர்ந்தது.

சுவிட்சர்லாந்து, பிரான்சு நாடுகளின் எல்லையில், நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கம் ஒன்று உள்ளது. செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹாட்ரான் மோதுவி அதனுள் இயங்குகிறது. நேர்க்கோட்டில் விரைய முற்படும் புரோட்டான்களைக் காந்தப்புலமே வளைத்துச் செலுத்துகிறது. சுரங்கம் முந்தைய முடுக்கி ஒன்றிற்காகத் தோண்டப்பட்டது. அதன் வளைவை மாற்ற இயலாது. ஆகவே, புரோட்டானின் ஆற்றலை உயர்த்தக் காந்தப்புலத்தை வலுப்படுத்துவதே வழி. தேவைப்பட்ட அளவு 8.3 தெஸ்லா. இரும்போ ஏறத்தாழ 2 தெஸ்லாவில் தெவிட்டுநிலை அடைந்துவிடும். செப்புச் சுருளைக் கொண்டு அப்புலத்தை உண்டாக்க முயன்றால், எழும் வெப்பமும் மின்செலவும் அளவிறந்தவையாகும்.

1911ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் காமர்லிங் ஓனஸ், பாதரசத்தை ஏறத்தாழ 4.2 கெல்வினுக்குக் குளிர்வித்தபோது அதன் மின்தடை மறைந்ததைக் கண்டார். இதுவே மீக்கடத்துதிறன். இதற்கு மூன்று எல்லைகள் உண்டு: வெப்பநிலை, காந்தப்புலம், மின்னோட்ட அடர்த்தி. ஒன்று உயர்ந்தால் மற்றவற்றின் எல்லை சுருங்கும். நையோபியம்-டைட்டானியம் கலப்புலோகம் புறக்காந்தப்புலம் இல்லாதபோது ஏறத்தாழ 9 கெல்வின் வரை மீக்கடத்தியாக இருக்கும். வலிமைமிக்க புலத்தில் போதிய மின்னோட்டத்தை அது தாங்கவேண்டி, 1.9 கெல்வினுக்குக் குளிர்விக்கிறார்கள். அந்நிலையில் நீர்ம ஹீலியம் மீப்பாய்மமாகி, நுண்ணிய இடுக்குகளிலும் புகுந்து வெப்பத்தை அகற்றுகிறது.

வளைக்கும் காந்தங்கள் 1,232. ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 35 டன் எடையும் உடையது. ஏறத்தாழ 11,850 ஆம்பியர் பாயும்போது, காந்தவிசை சுருள்களைப் பிளந்து விலக்க முயல்கிறது. துருவேறா எஃகுப் பட்டைகள் அவற்றை இறுகப் பற்றியுள்ளன. ஏன் இத்துணை இறுக்கம்? கடுங்குளிரில் உலோகத்தின் வெப்பக்கொள்ளளவு மிகச் சிறிது. கம்பி இம்மியளவு அசைந்து உராய்ந்தாலும் வெப்பநிலை உயர்ந்து, மீக்கடத்துநிலை குலையக்கூடும்.

2008 செப்டம்பர் 19 அன்று நேர்ந்த விபத்து இதற்குச் சான்று. குறை சுருளில் இல்லை. இரு காந்தங்களை இணைக்கும் மின்இணைப்பில் இருந்தது. அங்கிருந்த தடை ஏறத்தாழ 200 நானோ ஓம் என மதிப்பிடப்பட்டது. பாய்ந்த மின்னோட்டம் ஏறத்தாழ 8,700 ஆம்பியர். மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கிப் பாருங்கள்: விடை 15 வாட். அது ஒரு சிறு மின்விளக்கின் திறனே. ஆயினும் அவ்வெப்பத்தால் இணைப்பு உருகி, மின்வில் தோன்றி, ஹீலியக் கலம் துளைபட்டது. ஏறத்தாழ 6 டன் ஹீலியம் வெளியேறியது; 53 காந்தங்கள் மேலே கொணரப்பட்டன. முடுக்கி மீண்டும் இயங்கியது 2009 நவம்பரில்தான். பின்னர், 2013, 2014ஆம் ஆண்டுகளில், 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன.

ஆசிரியர்கள் இக்கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டலாம். மிகச் சிறியதெனப் புறக்கணிக்கத் தோன்றும் தடை, மின்னோட்டம் பெருகும்போது அதன் இருமடியால் பெருகிய வெப்பத்தைத் தருகிறது. சுழியத்திற்கும் ஏறத்தாழச் சுழியத்திற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.