பாத்ரூம் தரையில் விரிசல்: ஒரு டைலை மட்டும் மாத்தலாமா?

கழிவறைத் தரையில் ஒரே ஒரு டைலில் விரிசல். "ஒண்ணுதானே, உளி இருந்தா நாமே மாத்திடலாம்!" என்று தோன்றலாம்.

கொஞ்சம் பொறுங்கள். வீவக அடுக்குமாடி வீடுகளில் உங்கள் தரைதான் கீழ்வீட்டாரின் கூரை.

டைலுக்கு அடியில் என்ன இருக்கிறது?

பொதுவாக, கான்கிரீட் தளத்தின் மேல் நீர்புகாப் படலம் இருக்கும். அதன்மேல் சிமெண்டுப் பூச்சு. அதற்கும் மேலேதான் டைல்.

டைல்களுக்கு இடையில் பூசும் கிரவுட் தண்ணீரை முழுசாகத் தடுக்காது. நாள்தோறும் கொஞ்சம் நீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைக் கீழே போகவிடாமல் நிறுத்துவது அந்தப் படலம்.

உளி ஆழமாகப் போய்விட்டால்?

படலம் கிழியலாம். மேலே புது டைல் பளபளக்கும். கீழ்வீட்டிலோ சில வாரம் கழித்துக் கூரையில் கறை படியும், சாயம் உரியும், தண்ணீர் சொட்டும்.

தேய்மானத்தால் வரும் கூரைக் கசிவைச் சரிசெய்வது மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவரின் கூட்டுப் பொறுப்பு என்கிறது வீவக. ஆனால் உளி பட்டு வந்த கசிவைத் தேய்மானம் என்று சொல்ல முடியாதே!

அப்படியென்றால் எப்படி மாற்றுவது?

* முதலில் சுற்றியுள்ள டைல்களை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றொலி கேட்டால் அவற்றின் பிடியும் தளர்ந்திருக்கலாம். பிரச்சினை ஒரு டைலோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.
* விரிசல் விட்ட டைலைச் சுற்றியுள்ள கிரவுட்டை முதலில் சுரண்டி எடுக்கவேண்டும். அப்போதுதான் அதிர்வு பக்கத்து டைலுக்குப் போகாது.
* டைலை நடுவிலிருந்து உடைத்து, ஓரத்தை நோக்கித் துண்டு துண்டாக எடுக்கவேண்டும். உளியைச் சாய்வாகப் பிடிப்பது முக்கியம்.
* பழைய பசையைச் சுரண்டியதும் நிறுத்திவிடுங்கள். சிமெண்டுப் பூச்சைத் தோண்டவேண்டாம்.
* படலம் சேதமானால் மேலோட்டமாக ஒட்டுப்போட்டு மூடிவிடாதீர்கள். நிபுணரை அழைத்து, தரையில் 24 மணி நேரம் நீரைத் தேக்கிக் கசிவு உண்டா என்று சோதிப்பது நல்லது.

விதிமுறைகள் என்ன?

கழிவறைத் தரையைப் புதுப்பிக்க வீவக-வின் அனுமதி தேவை. வீவக-விடம் பதிவுசெய்த குத்தகையாளர்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். புதிய வீடு என்றால், புளோக் கட்டிமுடிக்கப்பட்டதிலிருந்து முதல் 3 ஆண்டுகளுக்கு வீவக பதித்த கழிவறை டைல்களை அகற்றக்கூடாது. வேலையைத் தொடங்குமுன் உங்கள் வட்டார வீவக கிளையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டைல் உடைக்கும் சத்தமான வேலைகளை வாரநாள்களில் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் முடிக்கவேண்டும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் அனுமதி இல்லை.

வேலை தொடங்குமுன் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கூரையில் ஈரம் தெரிந்தால் முதலில் கவனிக்கப்போவது அவர்கள்தான். சீக்கிரம் தெரிந்தால் செலவும் குறையும், சண்டையும் வராது!